பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்கும் கட்டணம்!
விமானத்தில் பூ, கீரை, மாம்பழம் அனுப்புவோர் தெரிந்துகொள்ள வேண்டிய எடைக் கணக்கு

ஊத்தங்கரையில் கிருஷ்ணகிரி சாலையோரம் கொஞ்ச நேரம் நின்றால் இரண்டு விதமான லாரிகளைப் பார்க்கலாம். ஒன்று, கிரானைட் கல் ஏற்றியது. இரண்டே கல்தான் இருக்கும். சுற்றிலும் லாரியின் பலகை வெறுமையாகத் தெரியும். ஆனாலும் மேடு ஏறும்போது வண்டி முனகும். இன்னொன்று, வைக்கோல் லாரி. இரு பக்கமும் பிதுங்கிக்கொண்டு, மின்கம்பியைத் தொடும் உயரத்தில் ஆடிக்கொண்டு வரும். எடை என்று பார்த்தால் கல் லாரியில் ஒரு ஓரத்துக்குக்கூட ஈடாகாது. ஆனால், மேற்கொண்டு ஒரு கட்டு ஏற்ற இடமிருக்காது.

கல்லுக்கு டன் கணக்கில் வாடகை. வைக்கோலுக்கு நடைக் கணக்கு. 'வைக்கோலையும் எடை போட்டே வாடகை தருவேன்' என்று யாராவது சொன்னால், லாரிக்காரர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். அவருடைய வண்டியில் இடம் தீர்ந்துவிட்டது. எடை மிச்சமிருந்து அவருக்கு என்ன லாபம்?

விமானக் கம்பெனிக்காரரும் இதைத்தான் சொல்கிறார். அவருக்குப் பலகையும் இல்லை, பிதுங்கவும் வழியில்லை. விமானத்தின் வயிற்றுக்குள் இவ்வளவு எடை ஏற்றலாம் என்று ஓர் எல்லை, இவ்வளவு இடம்தான் என்று இன்னோர் எல்லை. ஓசூர் சிப்காட்டிலிருந்து போகும் வாகன உதிரிபாகம் முதல் எல்லையைச் சீக்கிரம் தொடும். அதே ஓசூரிலிருந்து போகும் ரோஜா இரண்டாவது எல்லையைச் சீக்கிரம் தொடும். இரண்டுக்கும் ஒரே தராசில் நியாயம் செய்ய விமானத் துறை ஒரு கணக்கு வைத்திருக்கிறது. கார்கோ ஆட்கள் அதை 'வால்யூம் வெயிட்' என்பார்கள். நாம் இட எடை என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் கணக்குத் தெரியாமல் 'கிலோவுக்கு என்ன ரேட்?' என்று மட்டும் கேட்டு வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புபவர்கள்தான், பில் வந்ததும் திகைத்துப்போகிறார்கள்.

கணக்கு இதுதான்

பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்க வேண்டும். வரும் தொகையை 6,000 ஆல் வகுக்க வேண்டும். கிடைப்பது இட எடை, கிலோவில். அதையும் தராசு காட்டும் எடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். அந்த அதிக எடைக்கு 'சார்ஜபிள் வெயிட்' என்று பெயர். அரைக் கிலோவுக்குக் குறைந்த சில்லறை வந்தால் மேல்நோக்கி அரைக் கிலோவாக ஆக்கிவிடுவார்கள்.

இந்த 6,000 என்ற எண் ஐயாட்டா எனப்படும் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் விதிமுறையில் உள்ளது. பெங்களூரிலிருந்து போனாலும் சென்னையிலிருந்து போனாலும், சாதாரண விமானச் சரக்குக்கு இதுவே பொது அளவு. கூரியர் கம்பெனிகளின் எண் வேறு. அது பின்னால் வருகிறது. அங்குலத்தில் அளந்து பழகியவர்கள் மூன்று அளவையும் பெருக்கி 366 ஆல் வகுத்தால் போதும். கன அடிக் கணக்கு பழகியவர்கள், ஒரு கன அடிக்கு ஏறக்குறைய 4.7 கிலோ என்று மனதில் வைத்துக்கொள்ளலாம்.

இதைவிட எளிதாக வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். 18 லிட்டர் பிடிக்கும் காலி எண்ணெய் டின் ஒன்றை எடுங்கள். அனுப்ப நினைக்கும் பொருளை, பெட்டியில் அடுக்குவதுபோல அதில் நிரப்புங்கள். டின் எடையைக் கழித்துவிட்டுப் பொருளை மட்டும் எடை பாருங்கள். 18 லிட்டர் என்பது 18,000 கன சென்டிமீட்டர். 6,000 ஆல் வகுத்தால் 3. ஆக, டின்னில் இருக்கும் பொருள் 3 கிலோவுக்கு மேல் என்றால் தராசு எடைக்குக் கட்டணம். 3 கிலோவுக்குக் கீழ் என்றால் இடத்துக்குக் கட்டணம். தேங்காய், மாங்காய், புளி, மஞ்சள் எல்லாம் 3 கிலோவை எளிதாகத் தாண்டும். கறிவேப்பிலை, புதினா, மல்லிகைப் பூ ஆகியவற்றை அமுக்காமல் நிரப்பினால் தாண்டாது. அட்டைப்பெட்டியின் எடையும் சுவர்க் கனமும் சேரும்போது கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனால், உங்கள் பொருள் 'கல்' கட்சியா, 'வைக்கோல்' கட்சியா என்பது டின்னிலேயே தெரிந்துவிடும்.

ரோஜா சொல்லும் பாடம்

இந்தப் பகுதியில் இந்தக் கணக்கோடு அதிக நாள் மல்லுக்கட்டியவர்கள் ஓசூர் கொய்மலர்க்காரர்கள். ஓசூரையும் தளியையும் சுற்றியுள்ள குளிர்ச்சிக்காகவே பசுமைக்குடில்கள் வந்தன. ஓசூர் அருகே அமுதகொண்டப்பள்ளியில், தமிழக அரசின் டிட்கோ நிறுவனத்தின் பங்கேற்போடு டான்ஃப்ளோரா பூப்பூங்கா உருவானது. தளியில் கொய்மலர்களுக்கான மகத்துவ மையம் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 14 காதலர் தினத்தை ஒட்டி, 'தாஜ்மகால்' போன்ற சிவப்பு ரோஜாக்கள் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா, ஐரோப்பா என்று பறக்கின்றன. தமிழ்நாட்டில் பறித்த பூவாக இருந்தாலும், பெரும்பாலும் அவை விமானம் ஏறுவது தேவனஹள்ளியில் உள்ள பெங்களூரு கெம்பேகவுடா விமான நிலையத்தில்தான். அழுகும் பொருள்களுக்கென்றே அங்கே குளிர்பதனக் கிடங்கு உண்டு.

ஒரு பெட்டி ரோஜாவை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக, நீளம் 100, அகலம் 40, உயரம் 30 செ.மீ. உள்ளே 300 பூத்தண்டுகள். தராசில் 15 கிலோ. இப்போது பெருக்கினால் 1,20,000. வகுத்தால் 20 கிலோ. தராசு சொல்வதைவிட 5 கிலோ கூடுதல்.

இதேபோல 50 பெட்டி அனுப்பினால் தராசில் 750 கிலோ, பில்லில் 1,000 கிலோ. விமானக் கட்டணம் கிலோவுக்கு ரூ.150 என்று வைத்தால் ரூ.1,50,000. பெட்டிகளில் இருப்பது 15,000 பூ. ஒரு பூவின் தலையில் 10 ரூபாய் ஏறிவிட்டது. (ரூ.150 என்பது கணக்குக்காக வைத்த எண்தான். உண்மையான கட்டணம் ஊருக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறும். காதலர் தினத்துக்கு முந்தைய இரண்டு வாரம் வேறு விலை.)

அதே 300 பூவை, நசுங்காமல், 25 செ.மீ. உயரமுள்ள பெட்டியில் அடுக்க முடிந்தால்? 50 பெட்டிக்கும் சேர்த்து 833.5 கிலோ ஆகிறது. கட்டணம் ரூ.1,25,025. பூ ஒன்றுக்கு 10 ரூபாய்க்குப் பதில் 8 ரூபாய் 34 காசு. வெறும் 5 செ.மீ. உயரம், அதாவது இரண்டு அங்குலம், ஏறக்குறைய 25,000 ரூபாய்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. பெட்டியில் அளவுக்கு மீறித் திணித்தால் மூடி மேலே உப்பும். விமான நிலையத்தில் அளப்பவர் அட்டைப்பெட்டிக் கம்பெனி அச்சடித்த அளவைப் பார்க்க மாட்டார். எங்கே அதிகமாக உப்பியிருக்கிறதோ அந்த இடத்தில் அளப்பார். 30 செ.மீ. பெட்டி 32 ஆக உப்பினால், 50 பெட்டிக்கு 1,000 கிலோ 1,067 கிலோவாகிவிடும். மேலே சொன்ன விலைக்கு ரூ.10,050 போச்சு. உப்பிய பெட்டி மேல் இன்னொரு பெட்டி சரியாக உட்காராது. பூவும் நசுங்கும். மலிவான, நமுத்துப்போகும் அட்டை வாங்கி மிச்சம் பிடிப்பவர்கள் இந்த வழியில் இழப்பதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

பழகிய பேக்கிங் ஆட்கள் பூக்கட்டுகளின் தலைப்பக்கத்தைப் பெட்டியின் இரு முனைகளிலும் வைத்து, தண்டுகள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி அடுக்குவார்கள். தலை பருமன், தண்டு ஒல்லி. தலைகள் எல்லாம் ஒரே பக்கம் இருந்தால், தண்டுப்பக்கம் முழுக்கக் காற்று. தண்டு நீளம் 40, 50, 60, 70 செ.மீ. என்று தரம் பிரிப்பதிலும் இதே கணக்கு ஒளிந்திருக்கிறது. 40 செ.மீ. பூவை 70 செ.மீ. பூவுக்கான பெட்டியில் போட்டால், மலிவான பூவுக்கு விலை உயர்ந்த பூவின் வாடகை. நீளத் தண்டுக்கு வெளிநாட்டில் கூடுதல் விலை கிடைக்கிறது என்று சொல்லும் வியாபாரி, நீளப் பெட்டிக்குக் கூடும் வாடகையைக் கழித்த பிறகும் அது கூடுதல்தானா என்று சொல்ல வேண்டும்.

ஆனால், நெருக்கி அடுக்குவதற்கும் எல்லை உண்டு. பறித்த பூவும் மூச்சு விடுகிறது. மூச்சு விட்டால் வெப்பம் வரும். பெட்டியின் காற்றுத் துளைகளை அடைத்துக்கொண்டு பூவைத் திணித்தால், குளிர் உள்ளே போகாது. மிச்சப்படுத்திய வாடகை, போய்ச் சேரும் இடத்தில் கழிவாகத் திரும்பி வரும்.

தெர்மாகோல் சுவரின் வாடகை

மல்லிகை, கீரை, கறிவேப்பிலை போன்றவற்றைத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் ஜெல் பையோடு அனுப்புகிறார்கள். அளப்பது பெட்டியின் வெளிப்புறத்தை. உள்ளே எவ்வளவு பிடிக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

வெளிப்புறம் 50 x 40 x 35 செ.மீ. உள்ள ஒரு தெர்மாகோல் பெட்டி, சுவர்க் கனம் 3 செ.மீ. வெளி அளவு 70,000. உள் அளவு 44 x 34 x 29, அதாவது 43,384. நூற்றுக்கு 38 பங்கு இடம் தெர்மாகோல் சுவருக்கே போய்விட்டது. 11.67 கிலோ இட எடைக்குப் பணம் கட்டினால், அதில் ஏறக்குறைய நான்கரைக் கிலோ தெர்மாகோலுக்குக் கட்டும் பணம்! பெட்டி சிறிதாகச் சிறிதாக இந்தப் பங்கு ஏறும். அதனால் சின்னச் சின்னப் பெட்டியாக நிறைய அனுப்புவது நஷ்டம். பெட்டி மிகப் பெரிதானால் நடுவில் இருக்கும் பூவுக்குக் குளிர் போகாது. இரண்டுக்கும் நடுவே ஓர் அளவைப் பிடிப்பதுதான் கெட்டிக்காரத்தனம்.

இதிலேயே ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. இந்தப் பெட்டியில் பூவும் தெர்மாகோலும் சேர்த்து 7 கிலோதான் என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் எப்படியும் 11.67 கிலோவுக்கு. அப்படியானால் இடையில் இருக்கும் நான்கரைக் கிலோ சும்மா கிடக்கிறது. பூக்களுக்கு நடுவே இடம் இருந்தால், இன்னும் இரண்டு கிலோ ஐஸ் ஜெல் வைத்தாலும் விமானக் கட்டணம் ஒரு ரூபாய்கூட ஏறாது. 'எடை கூடும்' என்று பயந்து ஐஸைக் குறைத்து, பூவை வாடவிடுபவர்கள் உண்டு. கோடையில் இது வீண் சிக்கனம்.

இந்த 'சும்மா கிடக்கும் எடை'யை ஏற்றுமதியாளர்கள் இன்னும் சாமர்த்தியமாகப் பயன்படுத்துகிறார்கள். எடையையும் இடத்தையும் ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாக ஒப்பிடுவதில்லை. ஒரே ஏர்வே பில்லில் போகும் மொத்தச் சரக்குக்கும் சேர்த்துத்தான் ஒப்பிடுகிறார்கள். வளைகுடாவுக்குப் போகும் காய்கறிச் சரக்கில் கறிவேப்பிலையும் தேங்காயும் சேர்ந்தே போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

40 x 40 x 30 பெட்டியில் கறிவேப்பிலை. இட எடை 8 கிலோ, தராசில் 4 கிலோ. 40 பெட்டிக்கு இட எடை 320, தராசு எடை 160. தனியாகப் போனால் 320 கிலோவுக்குப் பணம். 40 x 30 x 25 பெட்டியில் உரித்த தேங்காய். இட எடை 5 கிலோ, தராசில் 15 கிலோ. 20 பெட்டிக்கு இட எடை 100, தராசு எடை 300. தனியாகப் போனால் 300 கிலோவுக்குப் பணம். ஆக மொத்தம் 620 கிலோ.

இரண்டையும் ஒரே பில்லில் போட்டால்? மொத்த இட எடை 420. மொத்தத் தராசு எடை 460. கட்டணம் 460 கிலோவுக்கு மட்டும். 160 கிலோவின் வாடகை மிச்சம். கறிவேப்பிலையில் பாதி ஓசிப் பயணம் போனதுபோல ஆகிவிட்டது. கல் லாரியில் மிச்சமிருந்த இடத்தில் வைக்கோலை ஏற்றிய கதைதான் இது.

பழுத்த மாம்பழத்தைக் கீரையோடும் பூவோடும் சேர்க்கக் கூடாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். பழம் விடும் எத்திலீன் வாயு இலையை மஞ்சளாக்கும், பூவை உதிர்க்கும். எடைக் கணக்கில் பொருந்தும் ஜோடி எல்லாம் ஒரே அறையில் வாழ முடியாது.

ஒரு தனி விவசாயி இந்தச் சேர்க்கையைச் செய்வது கடினம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் வழியாகப் பத்துப் பேர் சேர்ந்தால் முடியும். இல்லையென்றால் இந்த 160 கிலோ லாபம் சரக்கைச் சேர்த்து அனுப்பும் ஏற்றுமதியாளருக்கோ கார்கோ ஏஜென்ட்டுக்கோ போகும். அவர் கறிவேப்பிலைக்காரரிடம் இட எடைக்கும், தேங்காய்க்காரரிடம் தராசு எடைக்கும் கட்டணம் பிடித்துவிட்டு, விமானக் கம்பெனியிடம் சேர்த்துக் கட்டலாம். இதில் சட்டப்படி தப்பு ஒன்றும் இல்லை. சரக்கைச் சேர்ப்பது அவர் தொழில். ஆனால் இப்படி ஒரு லாபம் இருக்கிறது என்று தெரிந்தவர்தான் அதில் பங்கு கேட்க முடியும்.

மாம்பழத்துக்கு வேறு வழி

கிருஷ்ணகிரி மாவட்டம் என்றால் மா. ஊத்தங்கரைப் பக்கம் ஓசூர்க் குளிர் கிடையாது. ரோஜாக் குடில்களைவிட மாந்தோப்புதான் கண்ணில் படும். மாம்பழம் 'கல்' கட்சி. 38 x 28 x 12 செ.மீ. பெட்டியின் இட எடை 2.13 கிலோதான். அதில் மூன்றரைக் கிலோ பழம் வைத்தால், அட்டையோடு சேர்த்து 4 கிலோவை நெருங்கும். கட்டணம் தராசு எடைக்கே.

இங்கே பெட்டியைச் சுருக்கி ஒரு பயனும் இல்லை. பெட்டியின் எடையைத்தான் குறைக்க வேண்டும். பூவுக்குக் கெட்டியான, உப்பாத அட்டை தேவை. மாம்பழத்துக்குப் பாரம் தாங்கக்கூடிய, ஆனால் எடை குறைந்த அட்டை தேவை. பெட்டிக்கு 200 கிராம் குறைந்தால் 500 பெட்டிக்கு 100 கிலோ. 2007-ல் இந்திய மாம்பழத்துக்கு அமெரிக்கா கதவைத் திறந்தது. அங்கே போகும் பழத்துக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை கட்டாயம். ஓசூரை ஒட்டி, கர்நாடகாவின் மாலூரில் அதற்கான கூடம் இருக்கிறது. சிகிச்சை, சான்று, குளிர் வண்டி என்று செலவு அடுக்கிக்கொண்டே போகும்போது, அட்டையின் 200 கிராமும் கவனிக்க வேண்டிய விஷயம்தான்.

பெங்களூரா மாங்காய் கூழாகி டிரம்மில் கப்பல் ஏறுவதன் காரணமும் இதிலேயே விளங்கும். கப்பலில் பிறர் சரக்கோடு சேர்த்து அனுப்பும்போது ஒரு கன மீட்டர் இடம் ஒரு டன்னுக்குச் சமம் என்று கணக்கு. விமானத்திலோ ஒரு கன மீட்டர் 167 கிலோதான். கப்பலின் கணக்கில் பூவும் கீரையும் பழமும் எல்லாமே 'வைக்கோல்'. கூழ் மட்டும் தண்ணீர் போல கனம், இடமும் வீணாவதில்லை, கெடுவதும் இல்லை. கென்யாக்காரர்கள் ரோஜாவையே குளிர் கன்டெய்னரில் கப்பலில் ஐரோப்பாவுக்கு அனுப்ப ஆரம்பித்திருக்கிறார்கள். கடலில் வாரக்கணக்கில் தாங்கும் ரகமும், விடாத குளிரும் அதற்கு வேண்டும்.

88 கிலோவைவிட 100 கிலோ மலிவு!

விமானக் கட்டணத்தில் படிகள் உண்டு. 45 கிலோவுக்குக் கீழ் ஒரு ரேட். 45-க்கு மேல், 100-க்கு மேல், 300-க்கு மேல், 500-க்கு மேல் என்று படிப்படியாகக் கிலோ விலை குறையும். மிகச் சிறிய சரக்குக்குக் குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒன்று தனியாக இருக்கும்.

45-க்கு மேல் ரூ.120, 100-க்கு மேல் ரூ.100 என்று வைத்துக்கொள்வோம். உங்கள் சரக்கு 88 கிலோ. 88 x 120 = ரூ.10,560. அதையே 100 கிலோ என்று கணக்கிட்டால் 100 x 100 = ரூ.10,000. 12 கிலோ அதிகமாகக் காட்டி 560 ரூபாய் குறைவாகக் கட்டலாம். இது முறையான வழிதான். விமானக் கம்பெனிகளே இதை அனுமதிக்கின்றன. ஏஜென்ட் தானாகச் செய்து தருவார். தரவில்லை என்றால் கேட்க வேண்டும். அதைவிட நல்லது, அந்த 12 கிலோவுக்கு இன்னொருவரின் சரக்கைச் சேர்ப்பது.

ஏர்வே பில்லின் நகலை வாங்கிப் பாருங்கள். பெட்டிகளின் எண்ணிக்கை, மொத்த எடை, கட்டண எடை, ரேட் எல்லாம் வரிசையாக இருக்கும். ரேட் வகைக் கட்டத்தில் 'எம்' என்றால் குறைந்தபட்சக் கட்டணம், 'என்' என்றால் 45 கிலோவுக்குக் கீழான சாதாரண ரேட், 'க்யூ' என்றால் அளவு கூடியதால் குறைந்த ரேட், 'சி' என்றால் குறிப்பிட்ட பொருளுக்கான சிறப்பு ரேட். பூ, காய்கறிக்குச் சில தடங்களில் சிறப்பு ரேட் கிடைக்கும். பெட்டி அளவுகளும் பில்லில் இருக்கும். கட்டண எடை எப்படி வந்தது என்று ஐந்து நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம். எரிபொருள் கூடுதல் கட்டணம், பாதுகாப்புச் சோதனைக் கட்டணம் ஆகியவை தராசு எடைக்கா, கட்டண எடைக்கா என்பதையும் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகளுக்கு முறுக்கு அனுப்பும்போது...

ஏற்றுமதி செய்யாத குடும்பங்களையும் இந்தக் கணக்கு விடுவதில்லை. சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்கும் பிள்ளைக்குப் பொட்டலம் அனுப்பாத ஊர் ஏது? டி.எச்.எல்., ஃபெடெக்ஸ், யு.பி.எஸ். போன்ற சர்வதேசக் கூரியர்கள் 6,000-க்குப் பதில் 5,000 ஆல் வகுக்கின்றன. வகுக்கும் எண் சிறிதானால் விடை பெரிதாகும். அதாவது, அதே பெட்டிக்கு இட எடை ஐந்தில் ஒரு பங்கு கூடுதல்.

முறுக்கும் தட்டையும் சேர்த்து 4 கிலோ. கடையில் கிடைத்த 45 x 35 x 30 பெட்டியில் போட்டு, மிச்ச இடத்தில் செய்தித்தாளைச் சுருட்டி அடைத்தால் 47,250-ஐ 5,000 ஆல் வகுத்து 9.45. பில் 9.5 கிலோவுக்கு. அதையே 35 x 30 x 22 பெட்டியில் நெருக்கமாக அடுக்கினால் 4.62, அதாவது 5 கிலோ. பலகாரத்தில் மாற்றமில்லை. பணம் ஏறக்குறையப் பாதி. முறுக்கை வட்டமாகப் பெரிதாகச் சுடாமல் கையகலத்தில் சுட்டு டப்பாவில் அடுக்கினால் இன்னும் நல்லது. சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி, மஞ்சள் தூள் போன்ற கனமான பொருள்களை அதே பெட்டியின் மூலைகளில் செருகினால், இட எடை தாண்டாத வரை அவை இலவசமாகப் போகும். பெட்டியை நீங்களே தேர்ந்தெடுத்துக் கொண்டுபோங்கள். கூரியர் ஆபீஸில் கிடைக்கும் பெட்டி உங்கள் முறுக்குக்கு அளவெடுத்துச் செய்ததில்லை.

வாசகர் கேள்விகள்

சாக்கிலோ உருளை டிரம்மிலோ அனுப்பினால் எப்படி அளப்பார்கள்?
எந்த வடிவமாக இருந்தாலும் அதிகபட்ச நீளம், அதிகபட்ச அகலம், அதிகபட்ச உயரம் மூன்றையும் எடுத்து, ஒரு சதுரப் பெட்டிக்குள் இருப்பதாகவே கணக்கிடுவார்கள். உருளையின் நான்கு மூலைக் காற்றுக்கும் நீங்கள்தான் வாடகை. முடிந்தவரை சதுரப் பெட்டியே நல்லது.

நாங்கள் அளந்ததற்கும் விமான நிலையத்தில் அளந்ததற்கும் வித்தியாசம் வந்தால்?
அங்கே அளந்ததுதான் செல்லும். அதனால், வண்டியில் ஏற்றும் முன் ஒவ்வொரு அளவுப் பெட்டியிலும் ஒன்றை டேப் வைத்து அளந்து, டேப் தெரியும்படி போட்டோ எடுத்து ஏஜென்ட்டுக்கு அனுப்பிவிடுங்கள். வித்தியாசம் வந்தால் பேச ஆதாரம் இருக்கும். பெரும்பாலும் வித்தியாசம் வருவது வழியில் பெட்டி உப்புவதாலோ, பெட்டிகளைத் தட்டில் கட்டி ஒரே சரக்காக அளப்பதாலோதான். தட்டில் கட்டினால் தட்டின் உயரமும், பெட்டிகளுக்கு நடுவே உள்ள சந்துகளும் சேர்ந்து அளக்கப்படும்.

சில நேரம் ஒரே பெட்டிக்கு ரேட் இரட்டிப்பாகிறதே, இட எடை மாறுகிறதா?
இட எடை மாறாது. மாறுவது கிலோ ரேட். விமானச் சரக்கில் பெரும்பகுதி பயணிகள் விமானத்தின் அடிவயிற்றில்தான் போகிறது. 2020 மார்ச்சில் கொரோனாவால் பயணிகள் விமானங்கள் நின்றதும் சரக்கு ஏற்றும் இடமும் சேர்ந்து மறைந்தது. ரேட் எகிறியது. ஓசூர்ப் பக்கம் பூக்களைக் கொட்டி அழிக்க வேண்டிய நிலையும் வந்தது. பண்டிகைக் காலத்தில் இதே கதை சிறிய அளவில் நடக்கிறது. இடம் தட்டுப்படும் நேரத்தில்தான் வீணாகும் ஒவ்வொரு சென்டிமீட்டரும் அதிகம் வலிக்கும்.

ஓசூரில் விமான நிலையம் வந்தால் எங்களுக்குக் கட்டணம் குறையுமா?
ஓசூரில் 2,000 ஏக்கரில் பன்னாட்டு விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2024 ஜூன் 27-ல் முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தத்தில், 150 கி.மீ. சுற்றளவுக்குள் 2033 வரை போட்டி விமான நிலையம் கூடாது என்ற நிபந்தனை இருப்பதால் அதையும் தாண்ட வேண்டும். ஊத்தங்கரையிலிருந்து தேவனஹள்ளிக்குத் தோராயமாக 170 கி.மீ., அதுவும் பெங்களூரு நெரிசலைக் கடந்து. ஓசூர் என்றால் 100 கி.மீ. அளவுதான். குளிர் வண்டியின் வாடகையும், பூ வெயிலில் காத்திருக்கும் நேரமும் குறையும். விமானக் கட்டணம் குறையுமா என்பது அங்கே எத்தனை விமானங்கள், எந்த ஊர்களுக்குப் போகும் என்பதைப் பொறுத்தது. 6,000 ஆல் வகுக்கும் கணக்கு மட்டும் ஓசூரிலும் அதேதான்.